தோற்றது யார்?

பொங்கலை ஒட்டிக் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் கபடிப் போட்டி நடக்கும். இறுதி ஆட்டம் முடிந்த பிறகு, தோற்ற அணி கூடியிருக்கும் மூலைக்குப் போய் நின்றால் காரணங்கள் வரிசையாகக் காதில் விழும். நடுவர் சரியில்லை. மண் வழுக்கிவிட்டது. எதிரணிப் பையன்களுக்கு எடை அதிகம். இடது மூலையில் நின்றவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எல்லாப் பெயரும் வந்துபோகும், பயிற்சி கொடுத்தவரின் பெயரைத் தவிர. ஏனென்றால் பட்டியல் போடுகிறவரே அவர்தான்.

மாணவனின் தோல்வியில் ஆசிரியனுக்குப் பங்கு உண்டா? உண்டு என்றால், அந்தப் பங்கை அவர் தாமாகவே பார்த்துவிட முடியுமா? விளையாட்டுத் திடலில் எழும் இந்தக் கேள்வியைச் சமயங்களும் தத்துவங்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகின்றன. அவை கண்ட விடைகளில் சில இன்றைய பயிற்சியாளர் கல்விக்கு நேரடியாக உதவக்கூடியவை. அவற்றுள் ஒன்றின் இருப்பிடம் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். "அவனுக்கு எழுதி வைத்தது அவ்வளவுதான்" என்று ஒரு பேச்சு திடல்களில் அடிபடும். திறமை பிறவியிலேயே வருவது, வரவேண்டியவன் வந்துவிடுவான், வராதவனை யாராலும் ஏற்றிவிட முடியாது என்பது அதன் பொருள். பழைய இந்தியாவில் இதையே முழுத் தத்துவமாகச் சொன்னவர்கள் ஆசீவகர்கள். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, மனித முயற்சி என்று ஒன்று இல்லை என்றார்கள். சமண ஆகமங்களில் ஒன்றான உபாசகதசாங்கம் இதற்கு எதிராக ஒரு கதை சொல்கிறது. போலாசபுரத்தில் சத்தாலபுத்தன் என்ற செல்வக் குயவன் இருந்தான், ஆசீவக நெறியைப் பின்பற்றியவன். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய பானைகளைக் காட்டி மகாவீரர் கேட்டார்: இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமல் ஆனவையா? மண்ணைக் குழைத்து, சாம்பலும் சாணமும் கலந்து, சக்கரத்தில் ஏற்றி வனைந்த கதையைச் சொன்ன குயவன், முடிவில் மட்டும் "முயற்சி இல்லாமல்தான்" என்றான். அப்படியானால் யாராவது இந்தப் பானைகளை உடைத்தால் என்ன செய்வாய் என்றார் மகாவீரர். அடிப்பேன் என்றான் அவன். யாருக்கும் முயற்சி கிடையாது, எல்லாம் நியதி என்றால் உடைத்தவனிடம் என்ன குற்றம் இருக்கிறது? குயவனிடம் பதில் இல்லை.

வெற்றி பெற்ற மாணவனோடு மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும்போது பயிற்சியாளருக்கு முயற்சியில் நம்பிக்கை இருக்கிறது. தோற்ற மாணவனைப் பார்க்கும்போது மட்டும் அவர் ஆசீவகராகிவிடுகிறார். இரண்டில் ஒன்றை அவர் விட்டுத்தான் ஆக வேண்டும்.

முயற்சியை நம்பினால் பிழையையும் ஏற்க வேண்டும்; அதற்கான வழியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே பார்க்கலாம். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் திருநறுங்கொண்டைக் குன்றின் மேல் அப்பாண்டைநாதர் வீற்றிருக்கிறார். பார்சுவநாத தீர்த்தங்கரரைத் தமிழ்ச் சமணர்கள் அங்கே அந்தப் பெயரால் வணங்குகிறார்கள். சுற்றிலும் கரும்பும் நெல்லுமாக விரியும் சமவெளியில் அது ஒரு பழைய தலம். அங்கே வழிபடுகிறவர்களின் நெறியில் பிரதிக்கிரமணம் என்று ஒரு கடமை உண்டு. செய்த பிழைகளைத் திரும்பிப் பார்த்து, ஒப்புக்கொண்டு, அவற்றிலிருந்து விலகி வருவது அது. துறவிகளுக்கு அது அன்றாடக் கட்டாயம், இல்லறத்தார்க்கும் விதிக்கப்பட்ட ஒழுக்கம்.

அதன் கால அட்டவணையைக் கவனித்தால் வியப்பு வரும். இரவில் நேர்ந்த பிழைக்குக் காலையில் ஒன்று, பகலில் நேர்ந்த பிழைக்கு மாலையில் ஒன்று. பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் போதாதென்று நடந்துபோய்த் திரும்பியவுடன் செய்ய வேண்டியது தனியாக உண்டு. நடக்கும்போது காலடியில் மிதிபட்ட சிற்றுயிர்களை நினைப்பதற்காக வைத்தது அது. பெரிய பாவங்களுக்குத்தான் தன்னாய்வு என்ற எண்ணத்தை இந்த ஒரு விதி உடைத்துவிடுகிறது. தெரியாமல் செய்தது, பழக்கத்தால் செய்தது, கவனிக்காமல் செய்தது ஆகியவையே முதலில் கணக்கில் வருகின்றன. ஒரு பயிற்சியாளர் செய்யும் கேடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். வேண்டுமென்றே எந்தப் பையனையும் அவர் கெடுப்பதில்லை. வழக்கமாகச் சொல்லும் ஒரு கிண்டல் வார்த்தை, எல்லோருக்கும் ஒரேமாதிரி வைக்கும் ஓட்டம், கவனிக்காமல் விட்ட ஒரு முழங்கால் வலி என்று மிதிபடுவதெல்லாம் நடக்கிற வழியில்தான் மிதிபடுகிறது.

திரும்பிப் பார்ப்பதோடு அந்த நெறி நிற்பதில்லை. பிரதிக்கிரமணத்துக்கு இணையாகப் பிரத்தியாக்கியானம் என்று இன்னொரு கடமையையும் வைத்திருக்கிறது. இனிமேல் இதைச் செய்யமாட்டேன் என்று முன்கூட்டியே எடுக்கும் உறுதி அது. பின்னோக்கிய பார்வையும் முன்னோக்கிய உறுதியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் கல்வியாளர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-இல் சிந்திக்கும் முறை பற்றி எழுதிய நூலில், அனுபவத்தைத் தொடர்ந்து ஆராயும் பழக்கமே கற்றல் என்று வாதிட்டார். டூயியை ஆராய்ந்து பட்டம் பெற்ற டொனால்டு ஷோன் 1983-இல் எழுதிய நூல் மருத்துவம், கட்டடக்கலை, ஆசிரியத் தொழில் எல்லாவற்றிலும் பேசப்பட்டது. தேர்ந்த தொழில் வல்லுநர் பாடப்புத்தகத்தை அப்படியே களத்தில் பொருத்துவதில்லை என்று அவர் காட்டினார். வேலையின் நடுவிலேயே யோசித்து மாற்றிக்கொள்கிறார், வேலை முடிந்த பின்பும் யோசிக்கிறார்.

நடுவில், பிறகு என்ற இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்து, மிக முன்பே ஒரு தந்தை தன் மகனுக்குச் சொல்லியிருக்கிறார். மஜ்ஜிம நிகாயத்தின் 61-ஆவது சூத்திரத்தில் புத்தர் சிறுவன் ராகுலனிடம், கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் ராகுலன். அப்படியே ஒவ்வொரு செயலையும் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்க்கச் சொல்கிறார். தனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்பதே அந்தப் பார்வையின் ஒரே அளவுகோல். செய்துவிட்ட பிறகு தவறென்று தெரிந்தால்? அதை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழர்களிடமோ திறந்து சொல்ல வேண்டும் என்கிறார். அசோகர் தம் கல்வெட்டு ஒன்றில் எல்லோரும் கேட்க வேண்டிய போதனைகள் என்று பெயர் சொல்லிப் பொறித்த சிலவற்றில் ராகுலனுக்குச் சொன்ன உபதேசமும் ஒன்று.

இதைக் கபடித் திடலில் வைத்துப் பார்க்கலாம். பாடிப் போகும் பையன் ஒருவன் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை எதிரணியின் இடது மூலைக்காரனிடம் கணுக்காலைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பயிற்சியாளர் "கவனமா ஆடுடா" என்று கத்துகிறார். அந்தக் கத்தலில் தகவல் ஒன்றும் இல்லை. எதைக் கவனிப்பது என்று பையனுக்குத் தெரியாது. அன்றிரவு அவர் உட்கார்ந்து யோசித்தால் சில விஷயங்கள் புலப்படும். போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் ஒவ்வொரு முறையும் அவன் ஒரே பக்கம் சாய்கிறான். பயிற்சியில் ஆண்டு முழுக்க அவனுக்கு எதிரே நின்றது ஒரே மூலைக்காரன், அவனும் கணுக்காலுக்குப் பாயாமல் தொடையைக் கட்டிப் பிடிக்கிறவன். ஆக, கணுக்காலுக்குப் பாய்கிற ஒருவனை அந்தப் பையன் தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சந்தித்தது இறுதி ஆட்டத்தில்தான். தவறு நடந்த இடம் திடல். தவறு பிறந்த இடம் பயிற்சி அட்டவணை. மறுநாளிலிருந்து மூலைக்காரர்களை மாற்றி மாற்றி நிறுத்துவது என்று முடிவெடுத்தால் தன்னாய்வு முழுமை பெறுகிறது.

இதைவிட ஆழத்தில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. கனடாவில் ஹாக்கி, கால்பந்து இரண்டிலும் இளையோருக்குப் பயிற்சி தந்த ஆறு பேரைத் தொடர்ந்து கவனித்து வேட் கில்பர்ட்டும் பியர் ட்ரூடலும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பயிற்சியாளர் எதைப் பிரச்சினை என்று பார்க்கிறார் என்பதையே, தம் வேலை இன்னது என்று அவர் மனத்தில் போட்டு வைத்திருக்கும் சட்டகம் தீர்மானிக்கிறது என்றார்கள். வெற்றிதான் வேலை என்று நினைப்பவர் கண்ணுக்கு மெதுவாகக் கற்கும் சிறுவன் பிரச்சினை. எல்லோரையும் ஆட வைப்பதே வேலை என்று நினைப்பவர் கண்ணுக்கு அவன் வாய்ப்புக் கிடைக்காத சிறுவன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இந்தச் சட்டகம் என்னவெல்லாம் செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த ஊர்களின் சாலை, அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. மரவள்ளியும் மழையும் கைகொடுக்காத மாதங்களில் குடும்பத்தோடு கேரளம், கர்நாடகம் என்று கூலி வேலைக்குப் போவது அங்கே பழகிப்போன வாழ்க்கை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை இரண்டு மாதம் திடலுக்கு வராமல் போகிறது. "அக்கறை இல்லாத பிள்ளை" என்று வருகைப் பதிவில் சிவப்பு மையால் கோடு இழுப்பது சுலபம். பயிற்சிக் காலத்தை அறுவடையும் இடப்பெயர்வும் தெரியாமல் வகுத்தது யார் என்று கேட்பது கடினம். முதல் பார்வையில் குற்றவாளி பிள்ளை. இரண்டாவதில் திருத்த வேண்டியது அட்டவணை. அந்தப் பிள்ளை மறுபடி ஓடுமா இல்லையா என்பது பயிற்சியாளர் எந்தப் பார்வையோடு வீட்டுக்குப் போகிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

சட்டகத்தை மாற்றிப் பார்த்தவர்களால் என்ன நடக்கும் என்பதற்கு இதே மலையைப் பங்குபோட்டுக்கொண்ட பக்கத்துச் சேலம் மாவட்டமே சாட்சி. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கிப்போனது. பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவனை உயரம் தாண்டப் பழகச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். ஊனம் என்று ஒதுக்காமல், இந்தக் கால்களால் எது முடியும் என்று அவர் பார்த்திருக்கிறார். பிறகு பெங்களூரில் சத்தியநாராயணா பயிற்சி கொடுத்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய இந்தப் பயணம் தொடங்கியது ஒரு பள்ளித் திடலில், ஓர் ஆசிரியரின் பார்வையில்.

ஆனால் ஒருவர் தன்னைத் தானே சரியாகப் பார்த்துவிட முடியுமா? இங்கேதான் தத்துவத்தின் பழைய சிக்கல் நிற்கிறது. பார்க்கிற கண்ணும் பார்க்கப்படும் பொருளும் ஒன்றாகிவிடும் இடம் இது. 2013-இல் இங்கிலாந்தின் இளையோர் கால்பந்துப் பயிற்சியாளர்களை ஆராய்ந்த பார்டிங்டனும் குஷனும், தாங்கள் செய்வதாக அவர்கள் நம்பியதற்கும் களத்தில் உண்மையில் செய்ததற்கும் இடைவெளி இருப்பதைக் கண்டார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தங்கள் குரல் தங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து ஒருவர் எண்ணிச் சொல்லும்போது கிடைக்கும் தெளிவுக்கு அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் பற்றிய ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தைத் தேசிய சாம்பியனாக்கியவர் அவர். 1974–75 பருவத்தில் ரொனால்டு கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சி வகுப்புகளில் ஓரமாக உட்கார்ந்து, அவருடைய 2,326 கற்பித்தல் செயல்களைக் குறித்தார்கள். பாராட்டு ஏழு சதவீதம் அளவுக்கு, கடிந்துகொண்டது கிட்டத்தட்ட அதே அளவு. ஏறத்தாழ முக்கால் பங்கு வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். நீண்ட சொற்பொழிவு கிடையாது. சிறு அட்டைகளில் ஒவ்வொரு பயிற்சியையும் நிமிடக் கணக்காக எழுதி வைத்து, ஆண்டுக்காண்டு அவற்றைப் புரட்டிப் பார்த்துத் திருத்தியவர் அவர். ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உள்ளவரும்கூட.

எழுதி வைக்கும் பழக்கமும் சமயத்துக்குப் புதிதல்ல. 1548-இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சி நூலில் இஞ்ஞாசியார், திருத்திக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு இரண்டு வேளை அதில் எத்தனை முறை வழுக்கினோம் என்று கோட்டின் மேல் புள்ளி வைக்கச் சொன்னார். நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பார்க்கவும் சொன்னார். ஒரே ஒரு குறை என்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படுகிறவர் எதையும் திருத்துவதில்லை.

ரோமாபுரித் தத்துவஞானி செனகா கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் தம் இரவு வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கு அணைந்து, அவர் பழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளை முழுவதும் எடுத்து விசாரிப்பாராம். அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று எந்தப் பயிற்சியாளரையும் சுடும். ஒருவரை அளவுக்கு மீறிக் கண்டித்துவிட்டேன், அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டதுதான் மிச்சம் என்பது அது. கண்டித்தது சரியா தவறா என்பதோடு அவர் நிற்கவில்லை. கண்டித்ததால் எதிரில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்டார்.

இந்தக் கேள்வியை விட்டு விலகினால் தன்னாய்வே நோயாகிவிடும். திகம்பர சமணத்தின் பேராசான் குந்தகுந்தரை வந்தவாசி அருகே பொன்னூர் மலையோடு சேர்த்துத் தமிழ்ச் சமணர்கள் நினைவுகூர்கிறார்கள். அவர் சமயசாரத்தில் துணிந்து ஒன்று சொன்னார்: உயர்ந்த நிலையிலிருந்து பார்த்தால் பிரதிக்கிரமணமும் நஞ்சுக் குடமே. பிழை செய்தேன், பிழை செய்தேன் என்று 'நான்' என்பதையே சுற்றிச் சுற்றி வந்தால் அது இன்னொரு பற்று. சோம்பேறிகளுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உரையாசிரியர்களும் எச்சரித்திருக்கிறார்கள். பயிற்சியாளருக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள். படிவத்தை நிரப்புவதற்காக எழுதும் தன்னாய்வு சடங்கு. தூக்கம் கெட்டுத் தன்னையே திட்டிக்கொள்ளும் தன்னாய்வு சுயமோகம். இரண்டிலும் மாணவன் காணாமல் போகிறான்.

அப்படியானால் நடுவழி எது? ராகுலனுக்குச் சொன்னதிலேயே அது இருக்கிறது: அறிவுள்ள தோழர்களிடம் திறந்து சொல்வது. சமண நெறியும் பிழையைக் குருவின் முன் எடுத்துச் சொல்லும் 'ஆலோசனை' என்ற கடமையை வலியுறுத்துகிறது. கில்பர்ட்டும் ட்ரூடலும் பார்த்த பயிற்சியாளர்களும் சிக்கல் வந்தபோது நம்பிக்கையான சக பயிற்சியாளர்களைத்தான் தேடிப் போனார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூருக்கு இது பற்றி ஒரு நினைவு உண்டு. பொய்கையார், பூதத்தார், பேயார் என்ற முதலாழ்வார் மூவரும் தனித்தனியே சுற்றித் திரிந்தவர்கள். மழை இரவொன்றில் அந்த ஊரின் ஓர் இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் வந்தால் நிற்கத்தான் இடம். அந்த நெருக்கத்தில்தான் நான்காவதாக ஒருவர் இருப்பதை உணர்ந்தார்கள் என்கிறது வைணவ மரபு. தனியாக இருந்தவரை மூவரில் எவருக்கும் கிடைக்காத காட்சி அது.

நம் உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த இடைகழி இல்லை. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. இன்று தமிழ்நாட்டுக்கென்றே உடற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டமும் பட்டயமும் பெறுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் பட்டம் வாங்கி ஒரு மலைப்பள்ளியில் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே பெரும்பாலும் அவர் ஒருவர்தான் 'பி.டி. சார்'. காலை வழிபாட்டு வரிசை, ஒழுங்கு, விழா, தேர்வுக் கண்காணிப்பு எல்லாம் அவர் தலையில். அவர் பயிற்சி தருவதை இன்னொரு பயிற்சியாளர் நின்று பார்ப்பது அரிது. புத்தாக்கப் பயிற்சி என்று அழைத்தால் புதிய விதிமுறைகளைச் சொல்லி அனுப்புவார்கள். "போன மாதம் எந்தப் பிள்ளையிடம் எங்கே தவறினீர்கள்?" என்று கேட்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

இதை மாற்றப் பெரிய பணம் தேவையில்லை. வெள்ளிமலையிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் திருக்கோவலூரிலும் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியர்கள் மூன்று மூன்று பேராக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காரட்டும். ஒருவர் பயிற்சி தருவதை மற்றவர் கைப்பேசியில் பத்து நிமிடம் படம் எடுக்கட்டும். பாராட்டு எத்தனை, திட்டு எத்தனை, தகவல் எத்தனை என்று மூவரும் சேர்ந்து எண்ணட்டும். அவரவருக்கு ஒரே ஒரு குறையைக் குறித்துக்கொண்டு, அடுத்த பதினைந்து நாளில் அதில் என்ன மாறியது என்று சொல்லட்டும். அதிகாரிகள் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கக் கூடாது, பதவி உயர்வுக்கோ விளக்கக் கடிதத்துக்கோ அதைப் பயன்படுத்தக் கூடாது. தண்டனை வரும் என்று தெரிந்தால் எவரும் உண்மை எழுதமாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடுவது மட்டும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வரும் கல்வியாண்டு தொடங்கும்போதே அதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.